மான் தின்ற புத்தகமும் பூட்டில்லாத அலுமாரியும்

மகன்,

உங்கள் நூலக வகுப்பு முடிகிறதென்று ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். படித்தவர்கள் எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், வீட்டில் இருக்கிற ஒருவரும் எழுதினால் நல்லது என்று உன்னோடு படிக்கிற கிண்ணியா பரீதா ரீச்சர் போன் எடுத்துக் கேட்டார். "நான் கையெழுத்தே பெருவிரலால வைக்கிறவன், ரீச்சர்" என்றேன். "வாய் இருக்குத்தானே அப்பா, எழுத மருமகள் இருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஆகையால் நான் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல, உன் மனுசி மேசையில் இருந்து எழுதுகிறாள். நான் கதைக்கிறதை அவள் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாள் போலிருக்கிறது. இடைக்கிடை பேனையை வைத்துவிட்டுச் சிரிக்கவும் செய்கிறாள். முடிந்ததும் போனில் படம் எடுத்துக் கொழும்புக்கு உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மலரில் பிறகு ஆறுதலாய் வரட்டும். நீ இதை வெள்ளிக்கிழமைக்கு முதல் அறிய வேண்டும்.

ஏனென்று உனக்குத் தெரியும். கடைசிக் கிழமை வகுப்புக்கு நீ கொழும்புக்குப் போகமுன், வலயக் கல்விக் கந்தோரில் இருந்து உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வெருகலில் இருந்து திரியாய் வரைக்கும் பள்ளிக்கூட நூலகங்களைப் பார்க்கிற ஆசிரியர்களுக்கு நீ படிப்பிக்க வேண்டும், அதற்கு உன் பள்ளிக்கூடத்தை விட்டு வரவேண்டும், வெள்ளிக்கிழமை பதில் சொல் என்றார்கள். பஸ் ஏறமுன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ உன் மனுசிக்குச் சொன்னாய்: "நான் போனன் எண்டால் அடுத்த கிழமையே நூலக அலுமாரிக்குப் பூட்டு விழும். பிறகு நான் ஊர் ஊராய்ப் போய் என்னத்தைப் படிப்பிச்சு என்ன?" நான் கைகழுவப் போகிறவன் மாதிரி நின்று கேட்டேன். காது எனக்கு இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. நீ "ஏலாது" என்று சொல்லப் போகிறாய் என்று விளங்கிவிட்டது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன்னை முதலில் நூலகத்தில் போட்டபோது எங்கள் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த பிள்ளை நீ. தொண்டை கெட்டு, வகுப்பில் சத்தம் வைக்க ஏலாது என்று டாக்குத்தர் எழுதிக் கொடுத்த பிறகு, சத்தம் தேவையில்லாத இடம் என்று அதிபர் உன்னை அங்கே மாற்றினார். வேறெங்கும் போட ஏலாத ஆளைப் போடுகிற இடம் அது என்று ஊரில் ஒரு எண்ணம் இருந்தது. எனக்கும் இருந்தது. என்னுடைய காலம் முழுவதும் மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகிற லோஞ்சியில் கயிறு கட்டிக் கழிந்தது. அந்த லோஞ்சியை ஓட்டிய காசிம் நானாவும் நானும் இப்போதும் பின்நேரங்களில் படகு கட்டுகிற ஜெற்றிப் பக்கம் போய் இருக்கிறோம். அவர் ஒருநாள் கேட்டார்:

"உங்கட மகன் இப்ப என்ன படிப்பிக்கிறார்?"

"ஒண்டும் இல்லை நானா. புத்தக அலுமாரியைப் பார்க்கிறான்."

"பார்க்கிறதோ? அது எங்கேயும் எழும்பி ஓடுமோ?"

"ஓடாது. பூட்டியிருக்கு."

"பூட்டியிருக்கிறதைப் பார்க்கச் சம்பளமோ! அப்படி ஒரு வேலை இருக்கு எண்டு முந்தியே சொல்லியிருந்தா, நானும் லோஞ்சியைப் பூட்டிப்போட்டு வந்திருப்பனே!"

சுற்றியிருந்த மீன்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிள் மிதிக்க மனம் வராமல் உருட்டிக்கொண்டுதான் வந்தேன்.

பிறகு ஒருநாள் நீ மறந்துவிட்டுப் போன சோற்றுப் பார்சலைக் கொண்டு வந்தபோதுதான் அந்த நூலகத்தை நான் முதன்முதலாய்ப் பார்த்தேன். சுவரோடு கண்ணாடி அலுமாரிகள். உள்ளே புத்தகங்கள் வெள்ளைக்காரன் கல்லறை மாதிரி வரிசையாய், தூசி இல்லாமல், அசையாமல் இருந்தன. பெரிய அலுமாரியில் பித்தளைப் பூட்டு ஒன்று. கண்ணாடியில் பிள்ளைகளின் மூக்கு பட்ட அடையாளம் வட்டம் வட்டமாய் இருந்தது. நீ அதை ஒரு துணியால் துடைத்துக்கொண்டு நின்றாய். "ஏன் மகன், எடுத்துக் குடுக்கிறேல்லையோ?" என்று கேட்டேன். வருசக் கடைசியில் கணக்கெடுக்க வருவார்கள், கதிரை மேசை எண்ணுகிற மாதிரிப் புத்தகத்தையும் எண்ணுவார்கள், ஒன்று குறைந்தாலும் பொறுப்பான ஆள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சொன்னாய். உனக்கு முன் இருந்தவர் பென்சன் எடுத்துக்கொண்டு போகும்போது முதலில் உன் கையில் தந்தது புத்தகத்தை அல்ல, பூட்டை. "தம்பி, இதைப் பூட்டியே வைச்சியள் எண்டால் உங்களுக்குப் பென்சன் எடுக்கிற வரைக்கும் ஒரு சோலியும் இல்லை" என்றாராம். அவர் நல்ல மனிதர். எனக்கும் அது நல்ல புத்தியாய்த்தான் தெரிந்தது. அரசாங்கச் சாமான் என்றால் பத்திரமாய் இருக்க வேண்டும் என்று பழகியவன் நான்.

அதன் பிறகுதான் இந்த வகுப்பு வந்தது. பள்ளிக்கூட நூலகம் பார்க்கிற ஆசிரியர்களுக்கு என்று சனி ஞாயிறு இங்கே நடக்கிற வகுப்பு, கடைசிக் கிழமை மட்டும்தான் கொழும்பில். எழுதிப் போடு என்று உன் மனுசிதான் உன்னை நெருக்கினாள். முதல் மாதங்களில் புத்தகத்தின் முதுகில் எண் ஒட்டுகிற வித்தையைப் படிப்பித்தார்கள். எந்தப் புத்தகம் எந்த இனம், எதற்குப் பக்கத்தில் எது என்று. நீ அதைப் பழகுவதற்கு எங்கள் குசினியைப் பிடித்தாய். மிளகாய்த்தூள் பேணிக்கு ஒரு எண், மல்லித்தூள் பேணிக்கு ஒரு எண், சீனிக்கும் உப்புக்கும் புள்ளி வைத்து எண். எனக்கு எழுத்துத்தான் தெரியாதே தவிர எண் தெரியும். ஆனாலும் அந்தக் கிழமை எனக்குத் தேத்தண்ணியில் உப்புப் போட்டுத் தந்தது நீதான், மறக்கவில்லை. "இனி என்ரை குசினிக்கை நூலகம் நடத்தினீங்கள் எண்டால் சோறு இல்லை" என்று உன் மனுசி சொல்லி எல்லாத்தையும் உரித்தாள். இதை எழுதும்போது அவள், "மாமா, உரித்தது நீங்கள், நான் சத்தம் மட்டும்தான் போட்டனான்" என்கிறாள். சரி, இரண்டு பேருமாய் உரித்தோம்.

எண் ஒட்டுகிற வரைக்கும் உனக்குப் பயம் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை வீட்டுவேலை ஒன்று தந்தார்கள்: பூட்டைத் திறந்து, பிள்ளைகளுக்குப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று வந்து சொல்ல வேண்டும். நீ அலுமாரிக்கு முன்னால் நின்று கையைப் பிசைந்ததை உன்னோடு வேலை செய்கிறவர்கள் இன்றும் பகிடியாய்ச் சொல்வார்கள். கடைசியில் கடற்கரை ஒழுங்கையில் இருக்கிற கிருஷிகாவிடம் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தாய். ஒழுங்கான பிள்ளை, கவனமாய்த் திருப்பித் தருவாள் என்று தெரிந்து எடுத்து அவளிடம் கொடுத்தாய். அந்தப் பிள்ளை பஸ் தரிப்பில் பையை வைத்துவிட்டுத் தோழிகளோடு கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கோட்டைப் பக்கத்து மான்கள் வழமைபோல வீதியில் திரிந்திருக்கின்றன. ஒன்று பைக்குள் தலையை விட்டு, சோற்றுப் பெட்டியை விட்டுவிட்டுப் புத்தகத்தை இழுத்திருக்கிறது. அடுத்தநாள் காலை அவள் மிஞ்சிய பாதியை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு வந்து உன் மேசையில் வைத்து, "சேர், மான் திண்டிட்டுது" என்று அழுதாளாம்.

நீ வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் சிரித்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா, கணக்கெடுக்க வாறவைக்கு நான் என்னெண்டு சொல்லுறது? மான் திண்டது எண்டோ?"

"உள்ளதைத்தானே சொல்லுறாய்."

"மானைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாட்சி சொல்ல வைக்க ஏலுமோ?"

வகுப்பை விடப் போகிறேன், பூட்டைத் திரும்பப் போடப் போகிறேன் என்றாய். நான் மறிக்கவில்லை. எனக்கு அதில் என்ன தெரியும்? "விடுறது எண்டால் போய்ச் சொல்லிப்போட்டு விடு, சொல்லாமல் நிண்டிடுறது மரியாதையில்லை" என்று மட்டும் சொன்னேன். நீ விடுகிற எண்ணத்தோடுதான் அந்தச் சனிக்கிழமை போனாய். பின்நேரம் நீ திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்ன கதையை நான் நேரில் பார்த்தவன் மாதிரி வைத்திருக்கிறேன்.

நீ எழும்பி மான் கதையைச் சொன்னாய். பின்வரிசையில் இருந்து பரீதா ரீச்சர்தான் முதலில் வாய் திறந்தார். "தம்பி, மான் எண்டால் பரவாயில்லை, தாளோட விட்டிடும். எங்கட பள்ளிக்கூடத்தில ஆடு. அது தாளைத் திண்டுபோட்டு மட்டையையும் நக்கிப் பார்த்தது." வகுப்பே வெடித்ததாம். பிறகு ஒவ்வொருவராய்த் தொடங்கினார்கள். வெருகலில் இருந்து வந்தவர், ஆற்றில் வெள்ளம் வந்தபோது ஒரு வீட்டுச் சாமான்களோடு தன் புத்தகமும் போய்விட்டது என்றார். திரியாய்க்காரர், யானை தள்ளிய சுவருக்குக் கீழே ஒன்று கிடந்தது என்றார். சாம்பல்தீவு ரீச்சர், "என்ரை புத்தகம் கலியாணம் முடிச்சுப் போயிட்டுது" என்றாராம். படித்துக்கொண்டிருந்த பெரிய பிள்ளை ஒன்று அதையும் சேலைகளோடு பெட்டியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த மனிதர்கள் எல்லாரும் வருசக்கணக்காய் இதை ஒருவருக்கும் சொல்லாமல் வயிற்றில் நெருப்போடு இருந்திருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு நூலகர்தானே. பக்கத்தில் இருந்து கேட்க வேறு நூலகர் ஏது?

அன்று மத்தியானம் வைத்திருந்த பாடத்தை ஒதுக்கிவிட்டு, படிப்பிக்க வந்திருந்தவர் பரீதா ரீச்சரை முன்னால் வரச் சொன்னாராம். ரீச்சர் சொன்னதை நீ எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். மிஞ்சியதை எறியக்கூடாது, எடுத்து வைக்க வேண்டும். என்ன நடந்தது என்று அன்றைக்கே உள்ளபடி எழுத வேண்டும். தாய் தகப்பனிடம் ஒரு கையெழுத்து, அதிபரிடம் ஒரு கையெழுத்து. கிழிந்தது, செல்லரித்தது எல்லாவற்றோடும் அதைச் சேர்த்து, கணக்கெடுக்க வருகிறவர்களிடம் கணக்கில் இருந்து கழித்துத் தரச் சொல்லிக் கொடுக்க வேண்டும். "எத்தனை புத்தகம் போச்சு எண்டு அவங்க கேட்பாங்க. எத்தனை பிள்ளைகள் வாசிச்சது எண்டதை நீங்க பக்கத்தில எழுதி வைங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கட்டும்." இவ்வளவுதான். இதற்குத்தான் நீ அத்தனை நாள் நித்திரை இல்லாமல் இருந்தாய்.

நீ எழுதினாய். "மான் தின்றது" என்று எழுதினாய். அதிபர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, உன்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். வருசக் கடைசியில் கணக்கெடுக்க வந்தவர் அந்தப் பாதிப் புத்தகத்தைத் தூக்கிப் பிரட்டிப் பார்த்து, "மானுக்குப் பிடிச்சதோ?" என்று கேட்டாராம். "பாதிக்கு மேல் திண்டிருக்குது சேர்" என்றாயாம் நீ. அவர் கழித்து எழுதினார். அன்றைக்கு நீ பித்தளைப் பூட்டைக் கழற்றிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து என் கையில் தந்தாய். "அப்பா, உங்கட கயிற்றுப் பெட்டிக்கு வைச்சிருங்கோ" என்றாய். உப்புக்காற்றில் இறுகிப் போகாமல் அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு இந்த உள்துறைமுக வீதியில் நடந்தது எனக்குத்தான் முழுதும் தெரியும், ஏனென்றால் நீ பள்ளிக்கூடத்துக்குள் இருந்தாய், நான் வெளியே திரிந்தேன். வலை பின்னுகிற இடத்தில் ஒரு பெட்டைப்பிள்ளை உரத்து வாசிக்க, தகப்பன் ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரப் பொன்னுத்துரையின் மனுசி, "நில்லுங்கோ, இந்தப் பக்கம் முடியட்டும்" என்று என்னைச் சீனிக்கு நிற்க வைத்தாள். நீ வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் புத்தகம் என்று ஒரு வழமை கொண்டு வந்தாய்: புத்தகத்தோடு அதை வாசித்துக் காட்ட ஒரு பிள்ளையும் வரும். எனக்குக் கிருஷிகா வந்தாள். கப்பற்காரன் ஒருவனுடைய கதை. அவன் கயிறு கட்டின விதம் எனக்குச் சரியாய்ப் படவில்லை. "அப்படிக் கட்டினால் அவிழ்ந்து போகுமே பிள்ளை" என்றேன். "அப்படித்தான் எழுதியிருக்கு தாத்தா, பேசாமல் கேளுங்கோ" என்றாள். உன் அம்மா போன பிறகு என்னை யாரும் அப்படி அடக்கியதில்லை.

இனி நான் செய்த வேலைக்கு வருகிறேன். மலரில் இதையும் போடட்டும், எனக்கு வெட்கமில்லை. உன்னோடு படிக்கிறவர்களும் வலயக் கந்தோர் ஆட்களும் உன் நூலகத்தைப் பார்வையிட வருகிறார்கள் என்று நீ உன் மனுசிக்குச் சொன்னாய். "பார்வையிட" என்ற சொல் என் காதில் விழுந்ததுதான் வினை. லோஞ்சியில் எங்களுக்கும் அப்படி ஆட்கள் வருவார்கள். ஆபத்துக்குப் போடுகிற மிதவைச் சட்டைகள் எல்லாம் ஆணியில் தொங்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் லோஞ்சி ஓட விடாமல் கரையில்தான் கிடக்கும். வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் காசிம் நானா என்னைத்தான் ஓட விடுவார். பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க என்று கொண்டுபோன வீடுகள், வெயிலுக்குக் கதிரையில் விரித்து வைத்திருக்கிற வீடுகள், எல்லாம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்து தொங்கவிடுவேன். அந்த நினைப்பில் இரண்டு சாக்கை எடுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். வீடு வீடாய்ப் போய், எந்தப் பிள்ளை எந்தப் படம் போட்ட மட்டையோடு திரிந்தது என்று நினைவு வைத்துக் கேட்டு வாங்கினேன். "சேர் கேட்டவரோ?" என்று கேட்டவர்களுக்கு "ஓம்" என்றும் சொன்னேன். காலையில் காவற்காரரைக் கொண்டு கதவைத் திறப்பித்து, தலைகீழோ நேரோ, எல்லாத்தையும் தட்டுகளில் அடுக்கிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

நீ விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாய். வெறும் தட்டுகளைக் காட்டுவதற்கென்று நீ இரண்டு மாதம் பாடுபட்டிருக்கிறாய் என்று எனக்கு யார் சொன்னது? "புத்தகங்கள் வீடுகளுக்குப் போயிருக்கின்றன" என்று வடிவாய் எழுதிச் சுவரில் வேறு மாட்டியிருந்தாயாம். எனக்கு அது வாசிக்கத் தெரியுமோ? அதற்குக் கீழேதான் நான் புத்தகங்களை நிறைத்து வைத்திருந்தேன்.

"அப்பா, என்ன செய்தனீங்கள்?" நீ மெல்லமாய்த்தான் கேட்டாய்.

"எல்லாத்தையும் தட்டில ஏத்திட்டன்."

வலயக் கந்தோர் அம்மா தட்டுகளைப் பார்த்தார், சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தார். "நல்ல ஒழுங்காய்த்தான் இருக்கு. ஆனால் புத்தகம் வெளியில போகுது எண்டெல்லோ சொன்னனீங்கள்?" நான் எங்கே போய் ஒளிவது என்று பார்த்தேன். பரீதா ரீச்சர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

இடைவேளை மணி அடித்தது. அவ்வளவுதான். கடற்காற்றுக்குக் கதவு அடிபட்ட மாதிரிப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், கிருஷிகா முன்னுக்கு. விருந்தாளிகளை அவள் கண்டதாகவே தெரியவில்லை. "சேர், தாத்தா எங்கட புத்தகத்தைச் சாக்கில போட்டுக் கொண்டு வந்திட்டார்! நான் இன்னும் முடிக்கேல்லை!" என்று என்னை நேராய்க் கைகாட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெட்டை, "என்ரை அம்மா பாதியில நிக்கிறா, இண்டைக்குக் கொண்டு வராட்டில் சோறு இல்லையாம்" என்றாள். ஒருவன், "சேர், கடைசிப் பக்கத்தை மட்டும் தாங்கோ, ஆர் செத்தது எண்டு பார்த்திட்டுத் தாறன்" என்று கெஞ்சினான். தலைகீழாய் நான் அடுக்கியதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தன் புத்தகத்தைத் தாய் பிள்ளையைக் கண்டுபிடிக்கிற மாதிரிக் கண்டுபிடித்து இழுத்தது. நீ மேசைக்குப் போய் பெயர் பதியத் தொடங்கினாய். உன் கை ஓயவில்லை. இடைவேளை முடிய மணி அடித்தபோது தட்டுகளில் காற்றுத்தான் இருந்தது. பரீதா ரீச்சர் முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அந்த அம்மா என்னிடம் வந்து, "ஐயா, இதை நீங்கள் திட்டம் போட்டுத்தான் செய்தனீங்களோ?" என்று கேட்டார். "ஓம்" என்று சொல்ல வாய் உன்னியது. உன்னைப் பார்த்துவிட்டு "இல்லை அம்மா" என்றேன்.

அன்று வீட்டில் நீ என்னை ஏசுவாய் என்று காத்திருந்தேன். "அடுத்த முறை சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ அப்பா" என்றாய், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கேட்டார்கள். ஜெற்றியில் காசிம் நானா திரும்பவும் கேட்டார், "மகன் இப்ப என்ன செய்யிறார்?" என்று. "புத்தகம் இல்லாத அலுமாரியைப் பார்க்கிறான் நானா" என்றேன். "முந்தி புத்தகம் இருந்த அலுமாரி, இப்ப புத்தகம் இல்லாத அலுமாரியோ? அப்ப பதவி உயர்வுதான்!" என்றார். அன்றைக்கு நான் சைக்கிளை உருட்டவில்லை. மிதித்து, மணியும் அடித்துக்கொண்டு வந்தேன்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில் உன் மனுசி, "இதையும் எழுத வேணுமோ மாமா? அவர் யோசிப்பார்" என்கிறாள். யோசிக்கத்தானே எழுதுகிறோம். நேற்றுப் பின்நேரம் எங்கள் படலையடியில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. நீ போனால் உன் இடத்துக்கு வரப்போகிற சுகந்தி ரீச்சர். புதிதாய் வேலை எடுத்த பிள்ளை. உள்ளே வந்து இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. ஹெல்மெற்றின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"ஐயா, அலுமாரிப் பூட்டு உங்களிட்ட இருக்கெண்டு காவற்காரர் சொன்னவர்..."

நீ சொன்னது சரிதான், நீ போக முதலே பூட்டைத் தேடி ஆள் வந்துவிட்டது என்று நினைத்தேன். கடலுக்குள் விழுந்துவிட்டது பிள்ளை என்று சொல்லிவிட ஒரு நிமிசம் போதும். துறைமுகத்தில் கிடந்தவன், யார் என்னை நம்ப மாட்டார்கள்? ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். மான் தின்ற அன்று நீ கொண்டு வந்த அதே முகம் மகன். நிறம் கூட அதே நிறம்.

"பயமோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஓம் ஐயா. முதல் வேலை. வருசக் கடைசியில கணக்கெடுக்க வருவினம். ஒண்டு போனாலும் நான் என்னெண்டு சொல்லுறது?"

நீ அன்று என்னைக் கேட்ட கேள்வியே அது. அதற்குரிய பதில் எனக்குக் கேட்டுப் பாடம். ஆனால் நான் சொன்னால் அது ஒரு கிழவன் சொன்ன கதையாய்ப் போகும். அன்று நானும் உனக்கு "உள்ளதைச் சொல்லு" என்றுதானே சொன்னேன், அது உன்னைத் தேற்றியதோ? உன்னைப் போலவே பயந்த இன்னொருவர் ஆட்டுக் கதையைச் சொன்ன பிறகுதான் உனக்கு மூச்சு வந்தது. ஆகவே நான் வாயை அடக்கிக்கொண்டு இவ்வளவும்தான் சொன்னேன்: "பூட்டு இங்கைதான் இருக்கு பிள்ளை, எண்ணெய் போட்டு வைச்சிருக்கிறன். மகன் சனிக்கிழமை விடிய வந்திடுவான். மத்தியானம் சாப்பிட வாங்கோ. அவனோட கதைச்ச பிறகும் வேணுமெண்டால் நானே கொண்டு வந்து பூட்டித் தாறன்."

"உண்மையாயோ ஐயா?"

"உண்மையாய்."

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் கேட்டால் கொண்டுபோய்ப் பூட்டத்தான் வேண்டும். ஆகவே பூட்டு விழுமோ விழாதோ என்பது நீ அந்தப் பள்ளிக்கூடத்தில் குந்திக்கொண்டு இருப்பதில் இல்லை. எத்தனை வருசம் நீ அதற்குக் காவல் இருப்பாய்? பூட்டு இருக்கிறது பெட்டியில் இல்லை மகன், அந்தப் பிள்ளையின் நெஞ்சில் இருக்கிறது. வெருகலிலும் மூதூரிலும் திரியாயிலும் இப்படி ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒவ்வொருவர் ஒருவருக்கும் சொல்லாமல் நிற்கிறார்கள். அவர்களிடம் போ என்றுதான் உன்னைக் கேட்கிறார்கள். அவர்களோடு கதைக்க உனக்குப் பெரிய சத்தமும் தேவையில்லை. வெள்ளிக்கிழமை "ஓம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறு. தொண்டை கெட்ட பிள்ளை என்று ஒதுக்கிய இடத்தில் இருந்து உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் செத்தால் காசிம் நானா ஜெற்றியில் சொல்லுவதற்கு இது ஒன்று போதும். இருந்தாலும் நான் இருக்கும்போதே அவருக்கு நானே சொல்ல ஆசைப்படுகிறேன்.

சனிக்கிழமை ஒழுங்கு எல்லாம் செய்துவிட்டேன். பரீதா ரீச்சரும் வருகிறார், கிண்ணியாத் தயிர் கொண்டு வருவாராம். ஆடு நக்கிய மட்டையை அவர் இன்னும் வைத்திருக்கிறார், அதையும் கொண்டு வரச் சொன்னேன். உன் மேல்தட்டில் இருக்கிற மான் தின்ற பாதியை நான் வெள்ளிக்கிழமை போய் எடுத்து வரட்டோ? இந்த முறை சொல்லிப்போட்டுத்தான் செய்கிறேன். ஓம் என்றால் உன் மனுசிக்கு ஒரு செய்தி போடு. சுகந்தி ரீச்சருக்கு முதலில் சோறு. பிறகு மான். பிறகு ஆடு. பூட்டை நான் மேசையிலேயே வைத்திருப்பேன். அவள் அதைக் கையில் எடுக்கிற வரைக்கும் அதைப் பற்றி நீ ஒரு சொல்லும் கதைக்காதே.

மருமகள் மை கொண்டு வந்துவிட்டாள். கீழே இருக்கிறது என் பெருவிரல்.

அப்பா